தக்காளி இலையில் கோடா, திட்டா? பாலிஹவுஸுக்குள் புகுந்த ஊசிப்புழு

கேள்வி, 9 டிசம்பர் 2023

வேலூர் மாவட்டம் கே.வி.குப்பம் பக்கம் 1000 சதுர மீட்டர் பாலிஹவுஸ் (பாலிதீன் கூரை போட்ட பசுமைக்குடில்). தக்காளி நட்டு 50 நாள் ஆகிறது. இலையில் வெள்ளை வெள்ளையாகக் கோடு விழுகிறது. கடையில் காட்டினேன், இலைச்சுரங்கப் பூச்சி என்று மருந்து கொடுத்தார்கள். மூன்று முறை அடித்தும் நிற்கவில்லை. நேற்று ஒரு காயில் காம்பு ஓரமாக ஊசி குத்தினதுபோல ஓட்டை. சுற்றிலும் வலை கட்டியிருக்கிறேன், உள்ளே எப்படி வந்தது? அடுத்து எந்த மருந்து அடிக்கலாம்?

பதில், 9 டிசம்பர், இரவு

தம்பி, நான்காவது மருந்து அப்புறம். காலையில் நாலு இலை பறித்து வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்துப் பாருங்கள்.

கோடு ஒல்லியாக, பாம்பு ஊர்ந்த தடம்போல வளைந்து வளைந்து போனால் அது ஈ. லிரியோமைசா என்கிற சின்ன ஈயின் புழு இலைத்தோலுக்கு அடியில் தின்றுகொண்டே போகிற பாதை அது. உள்ளே இருக்கும் புழுவுக்குக் கால் கிடையாது, தலை தனியாகத் தெரியாது, மஞ்சள் நொய்யரிசி மாதிரி இருக்கும்.

கோடாக ஆரம்பித்து அகன்று, எண்ணெய்த் தாள்போல மெல்லிய திட்டாகி, திட்டின் ஒரு பக்கம் கறுப்புக் கழிவு குவிந்திருந்தால் அது அந்துப்பூச்சி. புழுவுக்குத் தலை தெரியும், கால் தெரியும், தலைக்குப் பின்னால் கழுத்துப் பட்டை மாதிரி ஒரு கறுப்புக் கோடு இருக்கும். சின்னதாக இருக்கும்போது வெண்மை, வளர வளரப் பச்சை, கடைசியில் முதுகில் ரோஸ் நிறம் ஏறும்.

காயில் ஓட்டை என்கிறீர்கள். ஈயின் புழு காய்க்குள் போகாது. எனக்கு மனசு திக்கென்றது.

10 டிசம்பர்

படங்கள் பார்த்தேன். ஊசிப்புழுதான். டியூட்டா அப்சொலுட்டா என்று எல்லோரும் சொல்வது. இப்போது பெயரை மாற்றி ஃப்தோரிமேயா அப்சொலுட்டா என்று எழுதுகிறார்கள். பழைய பெயரில் கேட்டால்தான் கடையில் புரியும்.

தென் அமெரிக்காவில் பிறந்த பூச்சி. 1917இல் பெரு நாட்டில் பிடித்ததை வைத்து முதன்முதலில் பெயர் வைத்தார்கள். 2006இல் ஸ்பெயினுக்குள் வந்தது, அங்கே பசுமைக்குடில் தக்காளியைப் படாதபாடு படுத்தியது. 2014இல் மகாராஷ்டிராவில் கண்டுபிடித்தார்கள். அப்புறம் கர்நாடகா, நம் பக்கம் என்று இறங்கிவிட்டது. நம் அப்பா காலத்து விவசாயத்தில் இந்தப் பூச்சியே இல்லை. பெரியவர்களைக் கேட்டால் அதனால்தான் தெரிவதில்லை.

பெண் பூச்சி ஒன்று 260 முட்டை வரைக்கும் வைக்கும். ஒரே இடத்தில் குவியலாக வைக்காது, இலையின் அடியிலும் கொழுந்திலும் ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டே போகும். 27 டிகிரி வாக்கில் முட்டையிலிருந்து பூச்சியாக 24 நாள் போதும். நட்டு 50 நாள் என்றால் உங்கள் வீட்டுக்குள் இரண்டாம் தலைமுறை பறந்துகொண்டிருக்கலாம்.

11 டிசம்பர்

நேற்று எழுதினதில் ஒரு திருத்தம். மூன்றாவது படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அதில் இருப்பது ஒல்லிக் கோடு, கழிவு புள்ளி புள்ளியாக வரிசையில் கிடக்கிறது. அது ஈ. மற்ற படங்களில் இருப்பது ஊசிப்புழு. இரண்டும் இருக்கிறது உங்களிடம். ஆகவே கடைக்காரர் சொன்னது முழுத் தப்பில்லை. நீங்கள் கொண்டுபோன இலையில் அந்த ஈயின் கோடு இருந்திருக்கும். இனிமேல் ஒரு இலையை மட்டும் கொண்டுபோகாதீர்கள். மேலே, நடுவே, கீழே என்று பத்து இலை, ஓட்டை விழுந்த காய் இரண்டு, எல்லாவற்றையும் பாலிதீன் பையில் போட்டு இறுகக் கட்டி, விரிஞ்சிபுரம் ஆராய்ச்சி நிலையத்துக்கோ அங்கேயே இருக்கிற வேளாண் அறிவியல் நிலையத்துக்கோ எடுத்துப் போங்கள். உங்களுக்குப் பக்கம்தான். கையோடு கோயில் மதிலையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு வாருங்கள், அந்த மதில் அழகுக்கு ஈடு கிடையாது.

14 டிசம்பர்

வலை இருக்கிறதே, எப்படி வந்தது என்று கேட்டிருந்தீர்கள். இதற்கு நான் விவரமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் நாற்று விற்கிறவள்.

ஒடுகத்தூர் சாலையில் எனக்கு நிழல்வலைக் கூடம் இரண்டு, பாலிஹவுஸ் ஒன்று. தக்காளி, கத்தரி, மிளகாய் நாற்றைக் குழித்தட்டில் போட்டுக் கொடுக்கிறேன். 2021 மாசியில் அவசரத்துக்கு வெளியிலிருந்து தக்காளி நாற்று வாங்கி, என் தட்டுகளோடு வைத்தேன். யாரிடம் என்பது இங்கே தேவையில்லை. வந்த நாற்றில் இலை ஒன்றிரண்டில் கண்ணாடித் திட்டு. என்னிடம் வேலை பார்க்கும் அம்மா பார்த்துவிட்டு, "இன்னாக்கா, எல வெந்தாப்ல கீது" என்றார். வெயிலில் வண்டியில் வந்த நாற்று, வாடியிருக்கும் என்று நானே சொல்லிவிட்டேன். அவர் கண் சரியாகத்தான் பார்த்தது.

பன்னிரண்டு நாள் கழித்து இலவம்பாடிப் பக்கத்து விவசாயி ஒருவருக்கு நாற்று கொடுத்தேன். என் சொந்த நாற்றுத்தான், ஆனால் அதே கூடத்தில் இருந்தது. ஒரு மாதத்தில் அவர் நிலத்தில் முக்கால் ஏக்கர் தக்காளி கருகினதுபோல ஆகிவிட்டது. அவர் சண்டை போடவில்லை. ஒரு காயை இரண்டாகப் பிட்டு என் கையில் வைத்துவிட்டுப் போனார். உள்ளே புழு நெளிந்தது. பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன், போன பருவத்தைத் திருப்பிக் கொடுக்க முடியவில்லை. இந்தப் பூச்சியை நான் படித்தது அந்த நாளிலிருந்துதான்.

ஆகவே முதல் வழி நாற்று. இரண்டாவது தக்காளி ஏற்றும் கிரேட். மதனப்பள்ளி, ராயக்கோட்டை, வேலூர் நேதாஜி மார்க்கெட் என்று சுற்றி வருகிற பிளாஸ்டிக் கிரேட்டின் மடிப்பில் கூட்டுப்புழு ஒட்டிக்கொண்டு வரும். மூன்றாவது கதவு. நான்காவதுதான் வலை.

14 டிசம்பர், மீண்டும்

வலையைப் பற்றிக் கேட்டதற்கு. இந்த அந்துப்பூச்சி ஒரு அரிசி நீளம்தான், ஆறு ஏழு மில்லிமீட்டர். 40 மெஷ் வலை, அதாவது அங்குலத்துக்கு 40 கண் உள்ளது, கிழிசல் இல்லாமல் இருந்தால் நுழையாது. வலை மண்ணைத் தொடுகிற இடத்தையும் தையல் பிரிந்த இடத்தையும் பாருங்கள். வெள்ளைப் பச்சை நிழல்வலையைப் பூச்சிவலை என்று நினைத்துக் கட்டியிருக்கிறவர்கள் நிறையப் பேர். நிழல்வலை வெயிலைத்தான் தடுக்கும்.

17 டிசம்பர்

பொறி வைத்தும் ஒன்றும் விழவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். உள்ளே தொங்கவிடும் லூர், அதாவது பெண் பூச்சியின் வாசனை ஏற்றிய வில்லை, எந்தப் பூச்சிக்கானது என்று பெயரைப் படித்துச் சொல்லுங்கள்.

17 டிசம்பர், மாலை

நினைத்தேன். அது காய்ப்புழுவுக்கான லூர். பாதி உடம்பு காய்க்குள்ளும் பாதி வெளியிலுமாக நின்று தின்னுமே, அந்தப் பச்சைப் புழுவின் அந்துக்கு. ஒவ்வொரு அந்துக்கும் பெண் வாசனை வேறு. காய்ப்புழு லூருக்கு ஊசிப்புழு ஆண் திரும்பிக்கூடப் பார்க்காது. கத்தரி காய்த்துளைப்பான் லூரும் அப்படியே. டியூட்டா லூர் என்று கேட்டு வாங்குங்கள். பிரிக்காத பாக்கெட்டைக் குளிர்பெட்டியில் வையுங்கள். ஒரு லூரைத் தொட்ட கையோடு இன்னொரு வகையைத் தொடக் கூடாது.

பொறிக்கு நான் தண்ணீர்த் தட்டுத்தான் வைக்கிறேன். அகலமான பிளாஸ்டிக் தட்டில் தண்ணீர், மேலே நாலு சொட்டு சமையல் எண்ணெய், தண்ணீருக்கு ஒரு விரல் மேலே கம்பியில் லூர். செடியின் தலை உயரத்தில் வையுங்கள்.

18 டிசம்பர்

தலை உயரம் என்று எழுதியது தப்பு. மற்ற அந்துகளுக்கான பழக்கத்தில் எழுதிவிட்டேன். ஊசிப்புழு அந்து தாழ்வாகப் பறக்கிறது. தட்டைத் தரையிலோ முழங்கால் உயரத்திலோ வையுங்கள். என் நோட்டில் பார்த்தேன்: 2022இல் ஒரே வரிசையில் தரையில் வைத்த தட்டில் ஒரு வாரத்தில் 41, தலை உயரத்தில் 9.

இன்னொன்று. பொறியில் விழுவது ஆண் மட்டும். ஏற்கெனவே ஆணோடு சேர்ந்துவிட்ட பெண் முட்டை வைப்பதைப் பொறி தடுக்காது. பூச்சி கூடுகிறதா குறைகிறதா என்று தெரிந்துகொள்ளத்தான் பொறி. பூச்சி கொஞ்சமாக இருக்கும்போது நிறையத் தட்டு வைத்தால் குறைக்கவும் உதவும். ஆண் இல்லாமலேயே பெண் முட்டை வைத்து அது பொரிந்ததாக ஆய்வகத்தில் கண்டிருக்கிறார்கள். இதைப் படித்த பிறகு பொறியை மட்டும் நம்புவதை விட்டேன்.

23 டிசம்பர்

எண்ணிக்கை அனுப்பியதற்கு நன்றி தம்பி. ஆறு தட்டில் ஐந்து நாளில் 130 என்பது அதிகம். பதற்றப்பட வேண்டாம், ஆனால் இந்த வாரத்தைத் தள்ளிப் போடாதீர்கள்.

திட்டு விழுந்த இலை எல்லாவற்றையும் பறியுங்கள். கூடையில் போட்டு வெளியே கொட்டினால் புழு இன்னொரு இலைக்கு நடந்து போகும். இந்தப் புழு ஒரு சுரங்கத்தை விட்டு இறங்கி இன்னொன்றைத் தோண்டக்கூடியது. பறிக்கிற இடத்திலேயே கறுப்பு பாலிதீன் பை, வாயைக் கட்டி, ஒரு வாரம் வெயிலில். மார்கழி வெயில் போதுமா என்று சந்தேகம் இருந்தால் இரண்டு வாரம். ஓட்டைக் காயும் அதே பையில். தரையில் உதிர்ந்ததையும் விடாதீர்கள்.

வேலையாட்களுக்கு இது சலிப்பான வேலை. நான் மணிக்கணக்கில் கூடவே நின்று பறிக்கிறேன், இல்லாவிட்டால் அடி இலையைத் தொடாமல் போய்விடுகிறது.

26 டிசம்பர்

இப்போது மருந்து.

மூன்று முறை அடித்ததில் இரண்டு சிந்தெடிக் பைரித்ராய்டு வகை என்று படத்தில் தெரிகிறது. அது இலைக்குள் இருக்கும் புழுவை எட்டாது, ஈயின் புழுவைக் கொல்கிற குட்டிக் குளவிகளைக் கொன்றுவிடும். அதனால்தான் ஈக்கோடும் கூடியிருக்கிறது. வெள்ளை ஈயும் சிலந்திப் பேனும் அடுத்து வரலாம், அடி இலையைப் பார்த்துக்கொண்டிருங்கள்.

நான் செய்வது: முட்டை பொரிந்து புழு இலைக்குள் நுழையும் முன் பிடிக்க வேண்டும், ஆகவே வேப்பங்கொட்டைச் சாறு 5 சதவீதம். இடித்த கொட்டை 5 கிலோ, ராத்திரி முழுக்க ஊற வைத்து வடித்து 100 லிட்டராக்கி, கொஞ்சம் காதி சோப்பு. வாரம் ஒரு முறை. இடையில் பி.டி. பாக்டீரியா மருந்து. அதைப் பொழுது சாய்ந்துதான் அடிப்பேன், வெயில் பட்டால் அது வீரியம் இழக்கும். இளம் புழுவுக்குத்தான் கேட்கும்.

அப்படியும் பொறியில் எண்ணிக்கை ஏறினால் மட்டும் ரசாயனம். ஸ்பினோசாட், எமாமெக்டின், குளோராண்ட்ரானிலிப்ரோல் என்று மூன்று வேறு வேறு வகை. அளவும், அடித்தபின் அறுப்புக்குக் காத்திருக்க வேண்டிய நாளும் டப்பாவில் தக்காளிக்கு என்ன போட்டிருக்கிறதோ அதுவே. பாலிஹவுஸுக்குள் மழை படாது, வெயிலும் வடிகட்டி வரும், காயில் தங்கின மருந்து சீக்கிரம் போகாது. அறுப்பு நேரத்தில் இதை மறக்கக் கூடாது, சாப்பிடுகிறவர்கள் நம் பிள்ளைகளும்தான்.

27 டிசம்பர்

நேற்று விட்டது. மருந்தை மாற்றி மாற்றி அடிக்கிறேன் என்று பலர் சொல்வது டப்பாவை மாற்றுவதுதான். குளோராண்ட்ரானிலிப்ரோல், ஃப்ளூபெண்டியமைடு, சயாண்ட்ரானிலிப்ரோல் மூன்றும் ஒரே குடும்பம். இதில் ஒன்று விட்டு ஒன்று அடித்தால் பூச்சிக்கு அது ஒரே மருந்து. இத்தாலியிலும் கிரீஸிலும் இந்தக் குடும்பத்துக்கே ஊசிப்புழு அசையவில்லை என்று 2015இல் வெளியிட்டார்கள். ஒரு தலைமுறை, அதாவது ஏறக்குறைய ஒரு மாதத்துக்கு ஒரு குடும்பம், அடுத்த மாதம் வேறு குடும்பம் என்று வையுங்கள்.

5 ஜனவரி 2024

இடையில் ஒருவர் வெள்ளரிக்குக் கேட்டிருக்கிறார்: பாலிஹவுஸ் வெள்ளரியில் இலையைச் சுருட்டி நூல் கட்டி உள்ளே பச்சைப் புழு, இதுவும் டியூட்டாவா என்று.

இல்லை அண்ணா. டியூட்டா தக்காளி, கத்தரி, உருளைக் குடும்பத்தோடு நிற்கும். உங்கள் புழு முதுகில் நீளவாக்கில் இரண்டு வெள்ளைக் கோடு இருக்கும். அந்து அழகாக இருக்கும்: வெள்ளைக் கண்ணாடி இறக்கை, சுற்றிலும் அகலமான பழுப்புக் கரை, பெண்ணுக்கு வால் நுனியில் ஆரஞ்சு மயிர்க் குஞ்சம். டயபேனியா இண்டிகா. சுருட்டின இலையைக் கையால் நசுக்குவதும் பி.டி.யும் நன்றாகவே வேலை செய்கிறது. பாகல், பூசணிப் பக்கமும் பாருங்கள்.

16 ஜனவரி

பொங்கல் முடிந்தது. மாட்டுப் பொங்கலான இன்றும் தட்டு எண்ணினேன், ஒரு நாள் விட்டால் நோட்டில் வரிசை கெட்டுவிடுகிறது.

கே.வி.குப்பம் தம்பி அனுப்பின கணக்கு: 130, 96, 71. இறங்குகிறது. மூன்றாவது வாரம் இறங்கினதை முழு வெற்றி என்று எடுக்காதீர்கள். கூட்டுப்புழுவாக மண்ணில் இருப்பது பொறிக்கு வராது. அது கிளம்பும்போது ஒரு ஏற்றம் வரும்.

கூட்டுப்புழு மண்ணில் மட்டும்தான் என்று முன்பு நம்பியிருந்தேன். போன வாரம் காய்ந்த இலை மடிப்பிலும், செடி கட்டும் நூல் முடிச்சிலும், வலையின் மடக்கிலும் பார்த்தேன். பழைய நூலைச் சுருட்டி அடுத்த பயிருக்கு எடுத்து வைப்பதை நிறுத்திவிட்டேன்.

29 ஜனவரி

சொன்ன ஏற்றம் வந்துவிட்டது, 118. தம்பி, இதற்காகத்தான் காத்திருந்தோம். இலை பறிப்பை விடாமல் செய்யுங்கள், இந்த மாதத்துக்கு உரிய மருந்தை இப்போது ஒரு முறை அடியுங்கள்.

8 பிப்ரவரி

ஒன்றைப் பற்றி எனக்கு இன்னும் மனசு உறுத்துகிறது. தக்காளியில் ஒல்லியான பச்சை நாவாய்ப்பூச்சி, நாலு மில்லிமீட்டர் இருக்கும், வேகமாக ஓடும். தண்டில் பழுப்பு வளையம் போடுகிறது என்று இரண்டு வருஷம் அதற்கு மருந்து அடித்தேன். அதன் பெயர் நெசிடியோகோரிஸ் டெனுயிஸ். ஊசிப்புழுவின் முட்டையையும் குட்டிப் புழுவையும் உறிஞ்சித் தின்கிற பூச்சி. ஸ்பெயினில் இதை வளர்த்துப் பசுமைக்குடிலுக்குள் விடுகிறார்கள். நம் ஊரில் தானாகவே வருகிறது.

வளையம் போடுவதும் உண்மைதான், இரை கிடைக்காவிட்டால் செடியையே உறிஞ்சும். அதனால் முழுக்க நல்லது என்று சொல்ல மாட்டேன். இந்த வருஷம் விட்டுப் பார்க்கிறேன். அது இருக்கிற வரிசைகளில் திட்டு குறைவாகத்தான் தெரிகிறது.

டிரைக்கோகிரம்மா என்கிற, பூச்சி முட்டையைத் தாக்கும் குட்டிக் குளவிக்கான காகித அட்டையும் கட்டியிருக்கிறேன். எறும்பு ஏறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், முதல் தடவை அட்டை முழுவதையும் எறும்பே தின்றுவிட்டது.

3 மார்ச்

மாசி முடிவதற்குள்ளேயே வெயில் ஏறிவிட்டது. இங்கேதான் வேலூர்க்காரர்களின் பாடு. பூச்சிவலையை இழுத்துக் கட்டினால் காற்று நிற்கிறது, மத்தியானம் உள்ளே நிற்க முடியாது, பூ உதிர்கிறது. ஓரத்தைச் சுருட்டிவிட்டால் சாயங்காலம் அந்து உள்ளே வருகிறது. இந்தப் பூச்சி பகலில் இலைக்கடியில் ஒடுங்கிக் கிடக்கும். பறப்பது பொழுது சாயும்போதும் விடியும்போதும்.

ஆகவே நான் பத்து மணியிலிருந்து நாலு மணி வரை சுருட்டிவிட்டு, நாலரைக்குள் இறக்கிவிடுகிறேன். சரியான வழி பக்கவாட்டில் பூச்சிவலையும் உச்சியில் வலை போட்ட காற்றுப் போக்கியும்தான், அதற்குச் செலவு அதிகம். கதவுக்கு மட்டும் எல்லோராலும் செய்ய முடியும்: முன்னால் ஆறடிக்கு ஒரு சின்ன அறை, இரண்டு கதவு, ஒன்று சாத்தினபின்தான் மற்றது. உள்ளே வருகிறவர் மஞ்சள் சட்டை போடக் கூடாது என்றும் வைத்திருக்கிறேன். அது ஊசிப்புழுவுக்காக இல்லை, வெள்ளை ஈயும் இலைப்பேனும் ஒட்டிக்கொண்டு வரும்.

20 மார்ச்

இலவம்பாடி என்று எழுதினதைப் படித்துவிட்டு, அந்த ஊருக்குப் பேர் வாங்கித் தந்த முள்ளுக்கத்தரிக்கும் ஊசிப்புழு வருமா என்று மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். வரும். தக்காளி அளவுக்கு இல்லை, ஆனால் கத்தரி இலையிலும் திட்டு போடும். 2023 பிப்ரவரியில்தான் நம் முள்ளுக்கத்தரிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தக் காயின் ருசி நம் மண்ணுக்கு உரியது. அதைப் பக்கத்துத் தக்காளியிலிருந்து போன புழு கெடுக்க விடக் கூடாது. வரப்பில் தானாக முளைக்கிற மணத்தக்காளியும் ஊமத்தையும் இதற்கு வீடு. பாலிஹவுஸைச் சுற்றி அவற்றைப் பிடுங்குங்கள். மணத்தக்காளிக் கீரை வேண்டும் என்றால் வீட்டுப் பக்கம் தனியாக வைத்துக்கொள்ளுங்கள், நானும் அப்படித்தான்.

2 மே

தம்பியின் அறுப்பு முடிந்ததாம். கடைசி ஐந்து வாரம் தட்டில் 20க்கு மேல் போகவில்லை, ஓட்டைக் காய் கூடைக்கு ஒன்றிரண்டு. சந்தோஷம்.

செடியைப் பிடுங்கி ஓரமாகக் குவித்துவிட்டு அடுத்ததை நடாதீர்கள். பிடுங்கும் முன் பக்கவாட்டை முழுக்க மூடுங்கள், செடி உள்ளேயே காயட்டும், அப்புறம் எரித்துவிடுங்கள். மண்ணை ஈரமாக்கி மெல்லிய பாலிதீன் விரித்து ஓரத்தை மண்ணால் அடையுங்கள். மூடின பாலிஹவுஸ், கத்திரி வெயில், ஐந்து வாரம். நம் ஊர் வெயிலைத் திட்டாத நாளில்லை. இந்த ஒரு வேலைக்கு அது நமக்கு வேண்டும். அடுத்த பயிர் தக்காளியாக வேண்டாம், வெள்ளரி போடுங்கள்.

9 ஜூன்

இன்று இலவம்பாடி விவசாயிக்கு நாற்று போகிறது. மூன்று வருஷத்துக்கு அப்புறம் கேட்டிருக்கிறார். 40 தட்டு. விடியற்காலையில் நானும் அந்த அம்மாவும் லென்ஸ் வைத்துக்கொண்டு தட்டு தட்டாகப் பார்த்தோம். 31ஆவது தட்டில் ஒரு இலையில் நகக்கண் அளவு திட்டு. உள்ளே ஒன்றுமில்லை, காய்ந்த தழும்பாகக்கூட இருக்கலாம். அந்தத் தட்டையும் பக்கத்தில் இருந்த இரண்டையும் நிறுத்திவிட்டேன். 37 தட்டுத்தான் வண்டியில் ஏறியிருக்கிறது, மூன்று குறைகிறது என்று போனில் சொன்னேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை.